கோரையூத்து அளத்தில் நின்ற வெளிச்சம்

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணி ஏழு நிமிடத்துக்குக் கோரையூத்து உப்பளத்தில் இருந்தவர்கள் யார் யார் என்றால், உப்புச் சுமக்கும் பெண்கள் ஒன்பது பேர், பாத்தியில் உப்பு வாரும் ஆண்கள் நாலு பேர், கங்காணி இசக்கிமுத்து, லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர், தூக்குவாளியில் டீ கொண்டுவரும் சொர்ணத்தாய், இவர்களையெல்லாம் விட்டு நூற்றுப்பத்து அடி தள்ளி ஸ்டாண்டில் கேமராவை மாட்டி வைத்துக்கொண்டு பத்தொன்பது நாளாக ஒரு வெளிச்சத்துக்காகக் காத்துக்கிடந்த ஸ்டுடியோக்காரர் தவசிமணி, ஆக மனிதர்கள் பதினேழு பேர். அது போகப் பூநாரைகள் இருபத்துமூன்று, நாய் ஒன்று, இன்னும் மூடாத உப்பு அம்பாரங்கள் முப்பத்தேழு. பூநாரை நாற்பது இருந்தது என்று பிற்பாடு சொன்னவர்களும் உண்டு, அம்பாரம் நூறு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் தவசிமணி எண்ணியது இதுதான், அவர் எண்ணினால் தப்பாது.

தவசிமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறவர், ஆனால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்று சொல்லக்கூட வெட்கப்படுகிறவர். அதனால் அவர் எடுத்த கல்யாணப் படங்களிலெல்லாம் ஜோடிகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்த வட்டாரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கோபமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தால், என்ன தவசிமணி எடுத்த படம் மாதிரி இருக்கீங்க என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நில்லு என்றோ சிரி என்றோ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் அவருக்கு நிலமும் வானமும் பிடித்துப்போயின. முகூர்த்தம் இல்லாத நாட்களில் தேரிக்காடு, பனங்காடு, கழிமுகம், உப்பளம் என்று அலைந்து நாலாயிரத்து நூற்றுப்பதினெட்டுப் படங்கள் எடுத்திருந்தார். அவற்றில் ஒன்றில்கூட ஆள் கிடையாது. ஆள் வந்தால் கண் நேரே ஆளிடம்தான் போகும், நிலத்தைப் பார்க்காது என்பது அவர் கட்சி. அந்த நாலாயிரத்துச் சொச்சத்தில் அவருக்கே திருப்தி என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை.

அவர் காத்திருந்த வெளிச்சம் லேசில் வராதது. கிழக்கே கடல்மேல் மேகம் மசியைக் கொட்டினமாதிரி கறுத்திருக்க வேண்டும், அதே நேரம் மேற்கே சூரியன் மேகத்துக்கு அடியில் ஒரு விரல்கடை இடம் கிடைத்துச் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டும், அப்போது வெள்ளை அம்பாரங்கள் ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் நீலமாகவும் பிரிந்து, கறுத்த வானத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்தமாதிரி நிற்கும். பத்தொன்பதாவது நாள் அது வந்தது. ஆனால் அந்த மேகத்தைப் பார்த்துத்தான் கங்காணியும் வீட்டுக்குப் போன ஆட்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டிருந்தார், மழை விழுந்தால் முப்பத்தேழு அம்பாரமும் கரைந்து கடலுக்கே போய்விடும். ஆளுக்கொரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதல் தார்ப்பாயை விரிக்கப் போகிற நேரத்தில், பிறந்ததிலிருந்து யாரையும் அதட்டியறியாத தவசிமணி, தன் தொண்டைதான் என்று தனக்கே நம்பிக்கையில்லாமல் கத்தினார்.

"நில்லுங்க! ரெண்டே நிமிசம், எல்லாரும் அப்படியே நில்லுங்க!"

"யாத்தீ, போட்டோக்கார அண்ணாச்சிக்கு வாய் இருக்குட்டி!" என்றாள் பேச்சித்தாய். சொல்லிவிட்டு அவளும் நின்றாள். பதினாறு பேரும் நின்றார்கள், நாயும் நின்றது, வெளிச்சமும் நின்றது.

தவசிமணி ஒரே ஒரு தடவை பொத்தானை அழுத்தினார். மேகம் கரைக்கு வராமல் கடலிலேயே பெய்துவிட்டுப் போய்விட்டது. "முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கங்காணி கேட்க, முடிஞ்சிட்டு என்று அவர் தலையாட்ட, ஆட்கள் கலைந்தார்கள். வெளிச்சத்திடம் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. சூரியன் இறங்கி, கடலும் பனைகளும் ஊரும் இருட்டிய பிறகும், இருநூற்றுப்பன்னிரண்டு காலடி நீளத்துக்கும் தொண்ணூறு காலடி அகலத்துக்கும் கோரையூத்து அளத்தில் மணி ஆறு ஏழாகவே இருந்தது. மறுநாள் உச்சிப்பொழுதிலும் அப்படியே இருந்தது, மேலே சூரியன் தலைக்கு நேராக நிற்க, அந்த இடத்துக்குள் போனவர்களின் நிழல் மட்டும் கிழக்கே நீண்டு கிடந்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் கூட்டமாக வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் நாற்காலி கொண்டுவந்தார்கள், மூன்றாம் நாள் சொர்ணத்தாய் தன் டீக்கடையையே வெளிச்சத்தின் ஓரத்துக்கு மாற்றிவிட்டாள், சாயங்காலம்தான் டீ அதிகம் ஓடும், இங்கே எப்போதும் சாயங்காலம் என்பது அவள் கணக்கு. லைன்மேன் ஒருவர் வந்து யாராவது கொக்கி போட்டு மின்சாரம் இழுத்திருக்கிறார்களா என்று சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பியைக் காணோம் என்று எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அங்கே கொண்டுபோய்விட்ட கோழிகள் அடையப் போகிற நேரம் என்று நினைத்து நாலு நாள் ஒற்றைக்காலில் யோசித்துவிட்டு முட்டையிடுவதை நிறுத்திக்கொண்டன. பூநாரைகள் இருபத்துமூன்றும் இன்னும் பொழுது சாயவில்லையே என்று போகாமலேயே இருந்துவிட்டன. எல்லாவற்றையும்விட, அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் பொலிவாக இருந்ததால், சுற்றுப்பட்டியில் பெண் பார்க்கிறவர்களெல்லாம் அளத்துக்கே வர ஆரம்பித்தார்கள். வரப்பில் ஜமுக்காளம் விரித்து, பஜ்ஜி வைத்து, ஒரே மாதத்தில் எட்டுச் சம்பந்தங்கள் முடிவாயின. அதில் இரண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு வெளியே பகல் வெயிலில் பார்த்தபோது கலைந்துபோயின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பிய முதல் நாளிலேயே தவசிமணிக்கு ஒரு வருத்தம் இருந்தது. கேமராவின் சின்னத் திரையில் பார்த்துவிட்டார், படத்தின் இடது ஓரத்தில், நீண்ட வரப்பின் முனையில், மடித்த தார்ப்பாயைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். அது அவர் மனைவி சேர்மக்கனி. இருபத்திரண்டு வருஷமாக அந்த அளத்தில் உப்புச் சுமக்கிறவள்.

"ஏட்டி, நீ எதுக்கு அங்கன வந்து நின்ன?"

"நீங்கதான நில்லுங்கன்னு கத்தினிய."

"மத்தவங்க எல்லாம் அம்பாரத்துக்குப் பின்னால மறைஞ்சிட்டாங்க. நீ மட்டும் ஓரத்துல துருத்திக்கிட்டு நிக்க."

"அப்பம் வெட்டிருங்க," என்றாள் அவள் பின்சீட்டிலிருந்து. "உங்ககிட்டதான் கத்தரி இருக்குல்லா, கம்ப்யூட்டர்ல."

சென்னையில் ஒரு பெரிய போட்டி, நிலக்காட்சிக்கென்றே தனிப்பிரிவு, ஜூன் ஐந்து கடைசித் தேதி. இந்த ஒரு படத்தை அனுப்பிவிட்டால் போதும், பிறகு எடுக்காமலே இருந்துவிடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஸ்டுடியோவில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் வேலையாக நிழல்களை ஆழமாக்கினார், நிழல் கறுத்தால்தான் வெளிச்சம் எழுந்து நிற்கும். பத்து நிமிடத்தில் போன் அடித்தது. பேச்சித்தாய்.

"அண்ணாச்சி, நீங்க என்னமும் பண்ணுதியளா?"

"ஏன்?"

"அம்பாரத்து நிழலெல்லாம் கிணறு மாரிக் கிடக்கு. காலை வைக்கவே பயமா இருக்கு. என் நாத்தனா ஒருத்தி நிழலுக்கு அங்கிட்டு மாட்டிக்கிட்டு ஒப்பாரி வைக்கா."

அவர் நிழலைப் பாதியாகக் குறைத்தார். "இப்பம்?"

"இன்னும் கொஞ்சம். ம். ம். போதும். இப்பம் நிழலு மாரி இருக்கு. அண்ணாச்சி, அப்படியே அந்த மஞ்சளைக் கொஞ்சம் கூட்டி விடுங்களேன், நாளைக்கு எங்க அக்கா மகளைப் பாக்க வாராவ."

படத்தில் செய்வதெல்லாம் அளத்தில் நடக்கிறது என்பது இப்படித்தான் தெரிந்தது, தெரிந்ததும் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. எடுத்தவர் அவர்தானே, அவர் சொன்னால்தானே கேட்கும் என்றார்கள். மறுநாளிலிருந்து வேலை முடிந்து வருகிற வழியில் நாலைந்து பேர் ஸ்டுடியோவில் ஏறி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அங்கே கூட்டுங்கள், இங்கே குறையுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வெட்கப்பட்ட மனுஷன் என்ன செய்வார், கூட்டினார், குறைத்தார்.

"என்ன அண்ணாச்சி, படத்துல ஒத்த ஆளுதான் இருக்கு, அதையும் ஓரத்துல தள்ளி வச்சிருக்கிய," என்றாள் பேச்சித்தாய்.

"அவளை எடுத்துருவேன். நிலக்காட்சியில ஆளு வரப்பிடாது."

"ஆளு வராம உப்பு என்ன, தானா எந்திச்சு அம்பாரம் ஏறுமா?"

 தவசிமணி ஒரு கல்யாண ஆல்பத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

மே மாதம் எட்டாம் தேதி அவர் வலது ஓரத்தில் நின்ற மின்கம்பத்தை வெட்டினார். எந்த நிலக்காட்சிக்காரரும் முதலில் வெட்டுவது கம்பத்தைத்தான். வெட்டியதும் அளத்தில் கம்பம் ஒன்றும் காணாமல் போகவில்லை. கம்பம் நின்ற பக்கம் பன்னிரண்டு காலடிக்கு வெளிச்சம் மட்டும் போய், சாதாரணப் பதினோரு மணி வெயில் வந்து விழுந்தது. சொர்ணத்தாயின் அடுப்பு சாயங்காலத்திலும் அவள் பாய்லர் பகலிலுமாகப் பிரிந்துபோயின. அவள் வந்து சண்டை போட்டாள். அவர் பதறி, செய்ததைத் திரும்ப அழித்தார். திரையில் கம்பம் வந்தது, அளத்தில் வெளிச்சம் வரவில்லை. வெட்டிய வெளிச்சம் வெட்டியதுதான், ஒட்டாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

அதன் பிறகு பத்து நாள் எதையும் தொடவில்லை. பதினோராவது நாள் பொறுக்கவில்லை. ஈரச்சேற்றில் ஸ்டாண்டின் ஒரு கால் இறங்கியிருந்ததால் படத்தில் கடல்கோடு ஒரு பாகை சாய்ந்திருந்தது. சாய்ந்த கடலைப் பார்த்துக்கொண்டு அவரால் சோறு தின்ன முடியவில்லை. இதில் வெட்டு எதுவும் இல்லையே, நிமிர்த்துவதுதானே என்று ஒரு பாகை திருப்பி நேராக்கினார். கடல் தட்டில் ஊற்றின தண்ணீர்போல நேராக நின்றது. அவருக்குக் கண் கலங்கியது, அவ்வளவு அழகு. அரைமணி நேரத்தில் கங்காணி இசக்கிமுத்து மொபெட்டை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, அளத்தை நிமித்துனியளா?"

"கடலைத்தான் நேராக்கினேன்."

"கடலு எப்படியும் போட்டும்! எங்க தாத்தா காலத்துல வெட்டுன பாத்தி அண்ணாச்சி அது. ஒவ்வொரு பாத்தியும் அடுத்த பாத்தியைவிட ஒரு விரக்கடை உசரம். அந்தச் சரிவுலதான் தண்ணி தானா இறங்கி, காஞ்சு காஞ்சு கடைசிப் பாத்தியில உப்பாகுது. இப்பம் தண்ணி எங்கிட்டுப் போகன்னு தெரியாம பேந்தப் பேந்த முழிச்சிட்டு நிக்கி!"

தவசிமணி உடனே ஒரு பாகை சாய்த்துவிட்டார். நல்லவேளை, அது திரும்பியது. கங்காணி போனில் அளத்தோடு பேசி, தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். போகிறபோது, "சாஞ்சு இருக்கறதுதான் அண்ணாச்சி நமக்கு நேரு," என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டியில் நடுவராக இருப்பவர்கள் முதலில் பார்ப்பது கடல்கோடு நேராக இருக்கிறதா என்பதைத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

ஆனால் உண்மையான சங்கடம் வேறு இடத்தில் வந்துகொண்டிருந்தது. சாயங்கால வெயிலில் உப்பு விளையாது. உப்புக்கு உச்சிவெயில் வேண்டும். அந்த வெளிச்சத்துக்குள் பாத்திகள் பதினாலு, பதினாலிலும் தண்ணீர் தேன் நிறத்தில் தளதளவென்று நின்றதே தவிர, ஒரு மணி உப்புப் பூக்கவில்லை. முதலாளி ஒரு மாதம் பொறுத்தார். மே முப்பத்தொன்றாம் தேதி கங்காணி மூலம் சொல்லியனுப்பினார்: படத்தை முடித்து அனுப்பிவிடச் சொல்லுங்கள், ஜூன் ஐந்துக்குமேல் அந்தப் பதினாலு பாத்திக்கு ஆள் கிடையாது. படம் முடிந்து ஸ்டுடியோவைவிட்டுப் போனால் வெளிச்சமும் போய்விடும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தவசிமணிக்கும் இதில் வருத்தமில்லை, அவருக்கும் அதே தேதிதான். கடைசியாக ஒருமுறை வெளிச்சத்தை அளந்து வைத்துக்கொள்வோம் என்று மறுநாள் மத்தியானம் அளத்துக்குப் போனார்.

அங்கேதான் அவர் சேர்மக்கனியைப் பார்த்தார்.

நீண்ட வரப்பு அந்த வெளிச்சத்துக்குள் தொடங்கி வெளிச்சத்துக்கு வெளியே போகிறது. அதில் அவள் கடகப்பெட்டியில் பழைய அம்பாரத்து உப்பைச் சுமந்துகொண்டு வந்தாள். வெளிச்சத்துக்குள் அவள் நடை சமைந்த பெண்ணின் நடைபோல இருந்தது, பெட்டியைக் கையால் பிடிக்கக்கூட இல்லை. வெளிச்சம் முடிந்து வெள்ளை வெயில் தொடங்குகிற கோட்டில் வந்ததும் நின்றாள். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவள்போல வலதுகாலை நீட்டித் தடவினாள். பிறகு உதடு அசைய, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். அவர் பக்கத்தில் போன பிறகுதான் கேட்டது, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. இருபத்தாறில் இடதுபக்கம் திரும்பினாள். அவர் ஒரு கை தூரத்தில் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டியை இறக்கிவிட்டு அவள் திரும்பி வருவதற்குள் அவர் வெளிச்சத்தின் ஓரத்துக்குள் போய் நின்றார். வெளிச்சத்துக்குள் கால் வைத்ததும் அவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"என்ன, இங்கன நிக்கிய? சாப்டியளா?"

"எத்தனை நாளா?" என்றார் அவர்.

அவள் சும்மாட்டைக் கழற்றி உதறினாள். "மூணு வருசம் இருக்கும்."

"எங்கிட்டச் சொல்லல."

"போன வருசம் முகாமுக்கு வந்த டாக்டரு சொன்னாவ, கண்ணுக்குப் பின்னால தேஞ்சு போச்சாம், உப்புல வெயிலைப் பாத்துப் பாத்து. கண்ணாடி போட்டும் பிரயோசனம் இல்லைன்னுட்டாவ. உங்ககிட்டச் சொன்னா அளத்துக்குப் போகாதன்னு சொல்லுவிய. கங்காணி ஏற்கெனவே சொல்லியாச்சு, ரெண்டு தடவை விழுந்துட்ட, மூணாவது விழுந்தா வீட்டோட இருந்துருன்னு. வீட்டுல இருந்து நான் என்ன செய்ய? உங்க ஆல்பத்தைத் துடைக்கவா?"

"இங்கன மட்டும் எப்படித் தெரியுது?"

"வெள்ளை வெயில்ல எல்லாம் ஒரே வெள்ளைங்க. வரப்பு எது, பாத்தி எது, ஆளு எது, ஒண்ணும் பிரியாது. இங்கன எல்லாத்துக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் நிழலும் இருக்குல்லா, அதை வச்சுக் கண்டுபிடிச்சிருவேன்." அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க மீசை இடது பக்கம் மட்டும் வெளுத்திருக்கு. எப்பம் வெளுத்துது? வலது பக்கம் நரைக்கவே இல்ல."

அவர் கை தானாக மீசைக்குப் போனது.

"அன்னைக்கு அந்தப் படம் பிடிச்சியள்லா," என்றாள் அவள், "அந்த வெளிச்சம் வந்து விழுந்ததும் தூரத்துல நீங்க நிக்கது தெரிஞ்சுது. மூணு வருசம் கழிச்சு அம்புட்டுத் தூரத்துல இருந்து உங்களைப் பாத்தேன். கையை ஆட்டிக்கிட்டுக் கத்துதிய. பாக்கணும்போல இருந்துது, அதான் அங்கனயே நின்னேன். உங்க படத்துக்குக் குறுக்கன்னு எனக்குத் தெரியாது." பிறகு சும்மாட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, "போட்டிக்கு அனுப்பிருங்க. பத்தொன்பது நாள் காத்துக் கிடந்திய. எனக்கு என்ன, எண்ணிக்கிட்டே நடந்துருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் ஐந்தாம் தேதி காலையில் தவசிமணி ஸ்டுடியோவைத் திறந்தபோது பதினோரு பேர் வாசலில் நின்றார்கள், எல்லோருக்கும் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும். அவர் திரையில் படத்தை விரித்தார். கறுத்த மேகம், பொன்னும் நீலமுமாகப் பிரிந்த அம்பாரங்கள், தேன் நிறப் பாத்திகள், ஒற்றைக்கால் பூநாரைகள், ஒரு பாகை சாய்ந்த கடல். இடது ஓரத்தில் வரப்பு முனையில் நிற்கிறவளை அவர் அன்றைக்குத்தான் பெரிதாக்கிப் பார்த்தார். அவள் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை, கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆளை. ஒரு கன்னம் வெளிச்சத்தில், ஒரு கன்னம் நிழலில். நாலாயிரத்து நூற்றுப்பத்தொன்பது படங்களில் கண்ணை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த படம் வேறு இல்லை.

அவர் போனை எடுத்துப் பேச்சித்தாயை அளத்துக்குப் போகச் சொன்னார், கங்காணியையும் கூட நிற்கச் சொன்னார். பிறகு வெட்டும் சட்டத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணாச்சி, டீக்கடையை விட்டு வெட்டுங்க," என்றாள் சொர்ணத்தாய்.

"பறவை இருக்கட்டும் அண்ணாச்சி, பாவம், வந்த பறவை," என்றார் லாரி டிரைவர்.

"பெண்ணு பாக்க வாரவங்களுக்கு ஒரு ஜமுக்காளம் அகலமாச்சும்..."

"இல்ல," என்றார் தவசிமணி. அவர் அந்தச் சொல்லை அத்தனை பேர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. 

முதலில் வானத்தை வெட்டினார். மேகம் முழுக்கப் போனது. வலதுபக்கத்தை வெட்டினார், அம்பாரங்கள் இருபது, முப்பது, முப்பத்தேழும் போயின. அளத்தில் அவற்றின்மேல் பத்து மணி வெயில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவதைப் பேச்சித்தாய் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பூநாரைகள் ஆஹா விடிந்துவிட்டது என்று ஒரே வீச்சில் எழும்பிப் போயின, அதையும் சொன்னாள். கீழே பாத்திகளை வெட்டினார், பதினாலும் வெயிலுக்குத் திரும்பின. இனி மிச்சமிருப்பது வரப்பு ஒன்றுதான். வரப்பும் ஒரு பாகை சாய்ந்திருந்ததால் சட்டம் அதன்மேல் சரியாக உட்காரவில்லை. ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டிவிட்டால் ஒட்டாது. 

"வெளிச்சம் இப்பம் எங்கன நிக்கி?"

"வரப்புக்கு இந்தப் பக்கம் ரெண்டு சாண் இருக்கு அண்ணாச்சி. எறக்குங்க. ஒரு சாண். இன்னும். நாலு விரல். கங்காணி, தள்ளி நில்லுங்க, உங்க தொப்பையில வெளிச்சம் விழுது, எனக்குத் தெரியல! ம், எறக்குங்க அண்ணாச்சி, ரெண்டு விரல்..."

"சொல்லு."

"நில்லுங்க!"

அவர் கையை எடுத்துவிட்டார். திரையில் இருந்தது ஒரு துண்டு நாடா அளவு படம். நீளமாக, ஒல்லியாக, சாய்வாக ஒரு வரப்பு. அதன் இடது முனையில் தலையில் தார்ப்பாயோடு சேர்மக்கனி. இதை எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாது. அனுப்பாதவரை படம் முடிந்ததாக ஆகாது. அவர் கம்ப்யூட்டரை அணைத்து, அதன்மேல் துணியைப் போர்த்தினார். முதலாளிக்குப் பதினாலு பாத்தியும் திரும்பக் கிடைத்ததால் ஒரு வரப்பில் பொழுது எப்படி இருந்தால் என்ன என்று இருந்துவிட்டார். சொர்ணத்தாய் மட்டும் மூன்று நாள் தவசிமணிக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுத்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில், கண்ணைத் திறக்க முடியாத வெள்ளையில் அளம் கிடக்கும்போது, சேர்மக்கனி கடகப்பெட்டியோடு வரப்பில் ஏறினாள். தவசிமணி அவளுக்குப் பின்னால் நடந்தார். இரண்டு பக்கமும் நண்பகல் கொதித்தது, நடுவில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குச் சாயங்காலம். அவள் நிழல் நீண்டு பக்கத்துப் பாத்தியின் வெயிலில் விழுந்து, அங்கே காணாமல் போயிற்று. அவள் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே போனாள். பேச்சித்தாயின் அக்கா மகளுக்குப் பேசின மாப்பிள்ளைக்கு முன்பல் தூக்கல் என்றாள், நேற்று வாங்கின சாளை மீன் பழசு என்றாள், உங்க சட்டையில் ரெண்டாவது பட்டன் இல்லை என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், வரப்பில் ஏறும்போதே பார்த்துவிட்டாளாம். வெளிச்சம் முடிகிற இடத்துக்கே மாற்றிப் போட்டிருந்த அம்பாரத்தில் பெட்டியைச் சாய்த்துக் கொட்டினாள்.

"எத்தனை காலடி வந்துது?" என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். "நான் எண்ணலைங்க. பேச்சுல விட்டுட்டேன்."

பரவாயில்லை, அவர் எண்ணியிருந்தார். மிச்சம் இருந்த வெளிச்சம், சேர்மக்கனியின் நடைக்கு, எழுபத்தொரு காலடி.